ஆண்டுக்கொரு விலங்கு

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் விழாவில் பேச எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் முதற்பார்வைக்குச் சற்று விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆண்டு பிறக்கும்போது தமக்கென ஒரு விலங்கையோ பறவையையோ தேர்ந்துகொண்டு, அவ்வாண்டு முழுதும் அதன் பண்பைத் தம் வழிகாட்டியாகக் கொள்ளும் வழக்கம் மேலைநாடுகளிலிருந்து இங்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கழுகைத் தேர்ந்தவர் உயரப் பறக்க உறுதி பூணுகிறார். ஆமையைத் தேர்ந்தவர் நிதானத்தை நாடுகிறார். சிலர் தம் விலங்கை நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் வரைந்து வைக்கின்றனர். சிலர் அதன்மீது கவிதை எழுதுகின்றனர். கவிதை எழுதத் தொடங்கும்போதுதான் இது கவிஞர்கள் கூடும் அவைக்குரிய பொருளாகிறது.

தமிழில் 'விலங்கு' என்னும் சொல்லுக்குக் கால்நடையும் காட்டுயிருமாகிய உயிரினம் என்பது ஒரு பொருள். கையிலும் காலிலும் பூட்டும் தளை என்பது மற்றொரு பொருள். குறுக்காக அமைதல் என்னும் கருத்தை அடியாகக் கொண்டே இரண்டும் தோன்றின என்பர். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு எதிராகக் கிடையாக நடப்பது விலங்கு. நடப்பவன் காலுக்குக் குறுக்கே கிடப்பதும் விலங்கு. ஆண்டுக்கொரு விலங்கை மேற்கொள்வோர் இவ்விரண்டில் எதனை மேற்கொள்கின்றனர் என்பது கேட்கத்தக்க கேள்வி. தளை பூட்டப்படுவது யாருக்கு என்பது அதனினும் கேட்கத்தக்கது.

இவ்வழக்கத்தின் இன்றைய வடிவத்திற்கு நெடிய வரலாறு இல்லை. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேமி சாம்ஸ், டேவிட் கார்சன் என்னும் இருவர் விலங்குப் படங்கள் கொண்ட அட்டைக்கட்டு ஒன்றை விளக்கநூலுடன் வெளியிட்டனர். அட்டையை உருவி, வந்த விலங்கின் பண்பைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பது அதன் முறை. அந்நாட்டுத் தொல்குடிகளின் அறிவிலிருந்து பெற்றது என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. தொல்குடிகளின் குலக்குறியோ முற்றிலும் வேறானது. மானிடவியலார் உலகெங்கும் வழங்கும் 'டோட்டம்' என்ற சொல், ஒஜிப்வே மக்களின் மொழியில் குலத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கொக்குக் குலத்தில் பிறந்தவன் கொக்கை விரும்பித் தேர்ந்தவன் அல்லன். தந்தை கொக்குக் குலத்தவர் ஆதலால் அவனும் கொக்கு. அக்குலத்திலேயே அவன் பெண்கொள்ளவும் கூடாது. அவனைப் பிறரோடு பிணைக்கும் கடமைகளின் பெயராகவே கொக்கு நின்றது. அட்டைக்கட்டில் கடமைகள் உதிர்ந்துபோயின. படம் மட்டும் எஞ்சியது.

தமிழகத்தில் இதற்கு நிகரானது உண்டா எனின், ஆண்டுதோறும் இல்லந்தோறும் சுவரில் தொங்குவதையே காட்டலாம். ஆலங்குளத்தார்க்கு அது அண்டை ஊர்த் தொழில். சிவகாசியில் நாட்காட்டித் தொழிலாளர்க்கு அடுத்த ஆண்டு ஆடிப்பெருக்கன்றே பிறந்துவிடுகிறது. அன்று பூசையிட்டுப் புதிய ஆண்டின் மாதிரித் தொகுப்புகளை வெளியிடுவது அவ்வூர் வழக்கம். அந்நாட்காட்டியின் பின்னட்டையில் பல்லி விழும் பலனைப் படித்து வளர்ந்தவர்க்கு, உயிரினம் ஒன்று வாழ்வுக்கு வழிசொல்லும் என்ற எண்ணம் புதிதன்று. பஞ்சாங்கத்தில் இன்னும் விரிவாக இதனைக் காணலாம். தை பிறக்கும் நாளில் சங்கராந்தி தேவதை எவ்விலங்கின்மேல் ஏறி வருகிறது, எதனை உடுத்து எதனை ஏந்தி வருகிறது என்று அது ஒரு பக்கத்தில் அச்சிடும். அந்நேரத்துக் கரணத்தைக் கொண்டு ஊர்தி முடிவாகிறது. கரணங்கள் பதினொன்று, அவற்றுக்குரிய உயிர்களும் பதினொன்று. தமிழ்ச் சோதிட நூல்கள் பரவலாகக் கூறும் வரிசையில் சிங்கம், புலி, பன்றி, கழுதை, யானை, எருது, கோழி, காக்கை, நாய், பாம்பு, புழு என அவை அமைகின்றன. சங்கராந்தி ஊர்திக்கான வரிசையில் குதிரை, ஆடு முதலியனவும் இடம்பெறுவதுண்டு.

இவ்வரிசையில் கழுதையும் பன்றியும் புழுவும் சிங்கத்தோடு சமமாக நிற்பது நோக்கத்தக்கது. தாமே தேர்ந்துகொள்வோர் எவரும் புழுவைத் தேர்வதில்லை. ஆண்டு முழுதும் கழுதையின் வழியில் நடப்பேன் என்று நாட்குறிப்பில் எழுதுவாரும் இலர். தேர்வு ஆசையிலிருந்து பிறப்பதால் ஆசைக்கு உவப்பானதே கையில் வருகிறது. கணக்கு தருவதோ கூச்சமின்றிக் கழுதையையும் தருகிறது. சோதிடத்தின் மெய்ம்மை பற்றி இவ்வுரை வாதிட வரவில்லை. முகத்துதி செய்யாத ஒரு பட்டியலை ஊரார் பல தலைமுறையாகச் சுவரில் மாட்டி வைத்திருந்தனர் என்பதே இங்கு வேண்டுவது. மற்றொரு நம்பிக்கையும் அதனோடு சேர்ந்து வழங்குகிறது. தேவதை எவ்விலங்கின்மேல் ஏறி வருகிறதோ, அவ்வினத்துக்கு அவ்வாண்டில் கேடு. எதனை உடுத்து வருகிறதோ அப்பொருள் விலையேறும். ஆண்டின் அடையாளமாவது விலங்குக்கு நல்லதன்று என்று மக்கள் எப்படியோ அறிந்திருக்கின்றனர். இந்நம்பிக்கையைச் சற்று நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தனி மனிதனுக்கென ஓர் உயிரை வகுத்ததில் பஞ்சபட்சி சாத்திரம் இன்னும் நுட்பமானது. வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்னும் ஐந்து பறவைகளுள் ஒன்று, பிறந்த நாள்மீனையும் வளர்பிறை தேய்பிறையையும் கொண்டு ஒருவனுக்கு உரியதாகிறது. பகலை ஐந்து சாமமாகப் பகுத்தால் சாமத்துக்கு ஆறு நாழிகை. ஒவ்வொரு பறவையும் ஒரு சாமத்தில் உண்ணும், ஒன்றில் நடக்கும், ஒன்றில் அரசு செலுத்தும், ஒன்றில் துயிலும், ஒன்றில் சாகும். இரவிலும் இவ்வாறே. மயிலைப் பெற்றவன் என்பதற்காக அவன் நாள் முழுதும் தோகை விரித்திருப்பதில்லை. அவன் மயிலும் நாள்தோறும் ஒரு சாமம் செத்தே கிடக்க வேண்டும். ஆந்தையைப் பெற்றவனுக்கும் ஒரு சாமம் அரசு உண்டு. மயிலுக்கு உயர்வும் ஆந்தைக்குத் தாழ்வும் நிலையாக எழுதிவைக்கப்படவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே பண்பைத் தருவதாகச் சொல்லும் கழுகு அட்டையோடு இதனை ஒப்பிட்டால், எது வாழ்வைக் கூர்ந்து பார்த்தது என்பது விளங்கும். கழுகு உறங்குவதை அட்டையில் எவரும் வரைவதில்லை.

இருபத்தேழு நாள்மீனுக்கும் விலங்குகளை வகுத்து, மணப்பொருத்தம் பார்க்கும் முறையும் உண்டு. பூனையும் எலியும் பகை, பாம்பும் கீரியும் பகை என்று சாத்திரம் அங்கே மாமியார் மருமகள் அளவுக்கு நுழைந்து பேசும். அதன்படி பூர நாளுக்குரிய விலங்கு எலி. ஆடிப்பூரத்தில் தோன்றியவளாக ஊர் கொண்டாடும் ஆண்டாளுக்கு எலியை நீட்டுகிறது கணக்கு. திருவில்லிபுத்தூர் அவள் கையில் வைத்தது கிளி. கணக்கே சரி, தேர்வே தவறு என்று இவ்வுரை முடித்துவிட முடியாமல் அக்கிளி குறுக்கே வந்து அமர்கிறது. அதனிடம் மீண்டும் வரவேண்டும். அதற்குமுன், தேர்ந்தெடுத்த விலங்கு தேர்ந்தவர் கையில் என்னாகிறது என்பதை இப்பகுதியிலேயே பார்த்துவிடலாம்.

விலங்குச் சின்னங்களின் நாடு என்று சிவகாசியைச் சொல்லலாம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டபின், அத்தொழிலோடு பட்டாசும் அச்சும் அங்கே வளர்ந்தன. எழுத்தறியாதவரும் தாம் வேண்டும் பெட்டியைக் கேட்டு வாங்கப் படமே பெயராயிற்று. காளீஸ்வரி நிறுவனத்துக்குச் சேவல், ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு அணில். கடைக்கு அனுப்பப்படும் சிறுவன் நிறுவனத்தின் பெயரை மறந்தாலும் அணிலை மறக்கமாட்டான். குருவி வெடி, பாம்பு மாத்திரை என்று வெடிக்கும் எரிவதற்குமே உயிரினப் பெயர்கள் வாய்த்தன. இதில் பழிக்க ஒன்றுமில்லை. வணிகத்துக்குப் படம் வேண்டும். ஆயினும் வெடிச்சத்தத்தில் முதலில் பறந்தோடுவது குருவி என்பதை எண்ணுங்கால், குருவி என்னும் பெயருக்கும் குருவிக்கும் இடையில் எவ்வளவு தொலைவு ஏற்பட்டுவிட்டது என்பது தெரியும்.

மறுபுறம் இராசபாளையம். அவ்வூர்ப் பெயர் தாங்கிய வேட்டை நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல்துறை தலை வெளியிட்டது. ஊருக்கு அது பெருமிதச் சின்னம். கலப்பற்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அழகு. அவ்வெண்மையையே விரும்பி விரும்பி இனம் பெருக்கியதில் செவிகேளாக் குட்டிகள் பிறப்பதும் அவ்வினத்தில் நேர்ந்தது. நாய்க்கு வேண்டியது செவி, மனிதனுக்கு வேண்டியது வெண்மை. சின்னம் வென்றது.

திருவில்லிபுத்தூர் மலையில் 1988இல் சாம்பல் நிற அணிலுக்கென ஒரு சரணாலயம் அமைந்தது. மரத்தை விட்டு அரிதாகவே தரையிறங்கும், கிளை தொடர்ந்தால்தான் வாழக்கூடிய பேரணில் அது. 2021இல் அச்சரணாலயம் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. காட்டுக்கு அதனால் காவல் கூடியதே ஒழியக் குறையவில்லை. அணிலும் அங்கேதான் இருக்கிறது. என்றாலும் காட்டின் பெயர்ப்பலகையில் அணிலைவிடப் புலிக்கு மதிப்பு மிகுதி என்பதும் உண்மை. ஆண்டுக்கு விலங்கு தேர்வோரிடமும் இதே மனப்பான்மை இருக்கிறது.

அரசியற் களத்தில் இது வெளிப்படையாகவே நிகழ்ந்தது. 1952இல் நடந்து முடிந்த முதற்பொதுத்தேர்தலில் நுகம் பூட்டிய இரட்டைக் காளை, 1971இல் பசுவும் கன்றும், தமிழகத்தில் 1989இல் சேவலும் இரட்டைப் புறாவும் வாக்குக் கேட்டன. படம் போதாதென்று உயிருள்ளவற்றையே ஊர்வலத்தில் இழுத்து வந்தனர். அவை பட்ட துன்பம் கண்டு முறையீடுகள் எழவே, விலங்கு, பறவைகளைப் புதிதாகச் சின்னமாக வழங்குவதைத் தேர்தல் ஆணையம் பின்னர் நிறுத்திக்கொண்டது. சங்கராந்தி ஏறிவரும் விலங்குக்குக் கேடு என்ற பழைய நம்பிக்கையை இங்கே நினைக்காமல் இருக்க இயலாது.

கிளிசோதிடம் அறியாதவர் இவ்வவையில் இருக்கமாட்டார். அமெரிக்க அட்டைக்கட்டில் மனிதன் உருவுகிறான், அட்டையில் விலங்கு இருக்கிறது; இங்கே விலங்கு உருவுகிறது, அட்டையில் தெய்வம் இருக்கிறது. கூண்டுக்கதவு திறந்ததும் இறகு வெட்டப்பட்ட கிளி நடந்து வந்து, ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு நெல்மணி பெற்றுக்கொண்டு, தானே உள்ளே சென்றுவிடும். பிறர் வருங்காலத்தைச் சொல்லும் அதற்குத் தன் நாளின் அடுத்த நாழிகை கூண்டுக்குள் என்பது மட்டும் உறுதி. கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டத்தால் கிளிக்கு நன்மை. கிளியன்றி வேறு பிழைப்பறியாத சோதிடருக்குத் தெருவில் இடமில்லை. வழிகாட்டிய பறவையும் வழிகேட்ட மனிதனும் ஒரே கூண்டில் இருந்தனர் என்பதுதான் அதன் துயரம்.

இலக்கியத்துக்கு வருவோர்க்குச் சங்கத்தொகையில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையுடன் பதிப்பித்த குறுந்தொகையைப் புரட்டினால், இயற்பெயர் மறைந்து தாம் கண்ட காட்சியே பெயராக நின்றுவிட்ட புலவர் பலரைக் காணலாம். அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், விட்டகுதிரையார், மீனெறி தூண்டிலார். புறநானூற்றில் இரும்பிடர்த்தலையாரும் கழைதின் யானையாரும் இருக்கின்றனர். அணிலைத் தம் சின்னமாக ஒருவர் அறிவித்துக்கொண்டதால் வந்த பெயரன்று முதற்பெயர். அவர் பாடிய பாட்டில் அணில் இருந்தது. தொகுத்தவர்க்கு அவருடைய பெயர் கிடைக்கவில்லை. அணிலைச் சொல்லி அவரைச் சுட்டினர். ஈராயிரம் ஆண்டளவாக அவர் அணிலின் பெயரிலேயே வாழ்கிறார்.

அந்த அணில் என்ன செய்கிறது? ஊக்கத்துக்கோ சேமிப்புக்கோ சிறு தொண்டின் பெருமைக்கோ அது எடுத்துக்காட்டாக வரவில்லை. தலைவன் அருகிருந்தால் விழாக்கொண்ட ஊர்போல் மகிழ்வதாகச் சொல்லும் பெண், அவன் பிரிந்தால் தன் நிலை எத்தகையது என்பதற்குப் பாலைநிலத்துச் சிற்றூர் ஒன்றைக் காட்டுகிறாள். அவ்வூரார் குடிபெயர்ந்து போய்விட்டனர். ஆளில்லாத வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது. ஆள் இருந்தால் அணில் முற்றத்துக்கு அத்துணை அச்சமின்றி வாராது. அதனால் அணிலின் மகிழ்ச்சியே வீட்டின் வெறுமைக்குச் சான்றாகிறது. தன் துயரத்தை அணிலின்மேல் ஏற்றாமல், அணில் அணிலாகவே ஆடட்டும் என்று விட்டதால்தான் அத்துயரம் இவ்வளவு பெரிதாயிற்று. மழை பொய்த்த கரிசற்பட்டியில் பூட்டிக்கிடக்கும் வீட்டின் முன் நின்றவர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

குப்பைக் கோழியாரின் சேவலும் அத்தகையதே. முருகன் கொடியிலும் தீப்பெட்டியிலும் சேவல் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும். இவர் கண்டது களத்தில் ஏவிவிட்ட போர்ச்சேவலை அன்று. குப்பைமேட்டில் தாமே மோதிக்கொள்ளும் கோழிகளை ஏவுவாரும் இல்லை, விலக்குவாரும் இல்லை. தாமாக ஓய்ந்தால்தான் உண்டு. தலைவியின் காமநோயும் அப்படியே, களைவார் இன்றித் தானே தீரவேண்டியது. வெற்றியின் சின்னத்தை ஒருவர் குப்பைமேட்டில் வைத்துப் பார்த்தார். அங்கே வெற்றி எவருக்கும் இல்லை. ஆண்டின் சின்னமாகச் சேவலைத் தேர்பவர் இச்சேவலைத் தேர்வாரா என்று எண்ணிப் பார்க்கலாம். உண்மையில் பெரும்பாலோர்க்கு ஆண்டுகள் குப்பைக்கோழியின் ஆண்டுகளாகவே கழிகின்றன.

வழிகாட்டும் பறவை பழம்பாட்டில் இல்லாமலில்லை. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கை இன்றும் அழியவில்லை. அக்கரைதலைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். தலைவன் மீண்டதற்குத் தன் ஆற்றுவித்தல் காரணம் அன்று, விருந்து வரக் கரைந்த காக்கையே காரணம் என்கிறாள் அவர் பாட்டில் வரும் தோழி. பல ஆக்களின் நெய்யோடு தொண்டியின் வெண்ணெல்லைச் சமைத்து ஏழு கலத்தில் இட்டாலும் அக்காக்கைக்கு அது சிறிது என்கிறாள். காக்கையிடம் அவள் கேட்டுப் பெறுவது ஒன்றுமில்லை. கொடுக்கவேண்டிய கடனையே எண்ணுகிறாள். தன்னைப் போல் கருமையுடையது, கூடி உண்பது என்றெல்லாம் அதனைப் பண்புகளாகப் பிரிக்கவும் இல்லை. வழிகாட்டியவற்குச் சோறு இடவேண்டும் என்பது அவள் அறிந்த முறை. பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடியதற்கு ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் ஒன்பது துலாம் பொன்னும் நூறாயிரம் காணமும் நச்செள்ளையார்க்கு அளித்தான் என்று பதிகம் கூறும். காக்கைக்கு எவரேனும் ஏழு கலம் இட்டனரா என்று பதிகம் கூறவில்லை!

பிசிராந்தையாரின் அன்னச்சேவலும் இவ்வகையினது. குமரித்துறையில் இரை தேர்ந்து வடமலை நோக்கிச் செல்லும் அன்னத்திடம், இடையில் உறையூர் வருமே, அங்கே என் பெயரைச் சொன்னால் கோப்பெருஞ்சோழன் உன் பேடைக்கு அணிகலன் தருவான் என்கிறார் அவர். பறவைக்குத் தன் பயணம் உண்டு, தன் பேடை உண்டு. புலவரின் நட்பு அப்பயணத்தில் ஓர் இடைத்தங்கல் மட்டுமே. இக்காலத்தில் கவிஞர் மீரா சிவகங்கையில் தொடங்கிய பதிப்பகத்துக்கு அன்னம் என்றே பெயரிட்டார். கோவையிலிருந்து 1971இல் கிளம்பிய இயக்கம் வானம்பாடி எனத் தன்னைப் பெயரிட்டுக்கொண்டது. கவிஞர் குழாம் ஒன்று பறவையைச் சின்னமாகத் தேர்ந்ததற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு அது. அவ்வியக்கம் புதுக்கவிதையை ஊர்தோறும் மேடையேற்றியதை மறுப்பார் இலர். ஆனால் அதன் வழியில் பின்னர் வந்தவர்களின் பாட்டில் சிங்கங்கள் மிகுதியாகக் கர்ச்சித்தன, கழுகுகள் மிகுதியாக வானை அளந்தன, எரிந்த சாம்பலிலிருந்து பறவைகள் மிகுதியாக எழுந்தன. அவற்றுள் ஒன்றேனும் இரை தின்னக் கண்டவர் எவர்? பாடுவோனின் வீறு விலங்கின்மேல் ஏறி வந்தது. பஞ்சாங்கம் சொன்னபடியே ஏறிவந்த விலங்குக்குக் கேடாயிற்று. பாட்டிலிருந்து அது மறைந்தது.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் குயிலைப் பாடியவர். அவரே அக்குயிலின்பின் ஒரு குரங்கையும் மாட்டையும் காதலராக நிறுத்திச் சிரித்தார் என்பதை மறக்கலாகாது. 1921இல் திருவல்லிக்கேணியில், அவர் அன்போடு உணவளித்து வந்த கோயில் யானையே அவரைத் தள்ளி வீழ்த்தியது. காயம் ஆறினாலும் அவ்வாண்டு செப்டம்பரில் நோயுற்று மறைந்தார். யானைக்கு மதமும் சினமும் சங்கிலியின் வலியும் உண்டு. கவிஞர் அதனை எப்படி எண்ணியிருந்தார் என்பது யானையைக் கட்டுப்படுத்தாது.

ஆண்டின் முன்னறிவையும் விலங்கையும் ஒன்றாகக் கையாண்டவர் என்று தமிழ்மரபு ஒருவரைச் சொல்கிறது. பிரபவ முதலிய அறுபது ஆண்டுக்கும் பஞ்சாங்கம் அச்சிடும் வெண்பாக்கள் இடைக்காட்டுச் சித்தர் பெயரில் வழங்குபவை. அவர் ஆடு மேய்த்தவர் என்பது கதை. பன்னிரண்டு ஆண்டு மழையிராது என்று கோள்நிலையால் அறிந்த அவர், ஊரை விட்டு ஓடவுமில்லை, மழைக்கு வேள்வி செய்யவுமில்லை. எக்காலத்தும் வாடாத எருக்கிலையைத் தின்ன ஆடுகளைப் பழக்கினார். குறுவரகைச் சேற்றோடு குழைத்துக் குடிலுக்குச் சுவர் எழுப்பினார். பஞ்சம் வந்தது, புல்லும் பூண்டும் கருகின. எருக்கு தின்ற ஆடுகள் உடல் அரிப்பெடுத்துச் சுவரில் உரசின; வரகு உதிர்ந்தது; அதனை ஆட்டுப்பாலில் காய்ச்சி அவர் உண்டார். நாடே மாண்டிருக்க ஓர் இடையன் மட்டும் எப்படி வாழ்கிறான் என்று பார்க்க ஒன்பது கோள்களும் இறங்கி வந்தன. அவற்றுக்கும் அதே கஞ்சி. உண்ட மயக்கத்தில் அவை உறங்க, மழைக்கேற்ற முறையில் அவற்றை மாற்றிக் கிடத்தினார், மழை பெய்தது.

கோள்களைக் கிடத்தியதே கதையின் உச்சம் என்று சொல்வோர் சொல்வர். கரிசல் நிலத்தில் வெள்ளாடு வளர்ப்போர் ஆடு சுவரில் உரசும் இடத்தில்தான் கதையை நம்பத் தொடங்குவர். ஆட்டின் பண்பு யாது, அதனிடம் கற்கவேண்டியது யாது என்று இடைக்காடர் கேட்கவில்லை. ஆடு எதனைத் தின்னும், தின்றால் அதன் உடம்பு என்ன செய்யும் என்று அறிந்திருந்தார். வரவிருந்த ஆண்டுக்கு அவர் செய்த ஏற்பாடு அவ்வறிவால் ஆனது. கதை எழுந்த காலம் எதுவாயினும், இதனைக் கட்டியவன் ஆட்டோடு வாழ்ந்தவன் என்பதில் ஐயமில்லை.

ஆண்டாளின் கிளி காத்திருக்கிறது. நாச்சியார் திருமொழியில் அவள் குயிலிடம், திருமால் வரக் கூவினால் தான் பாலும் அடிசிலும் ஊட்டி வளர்த்த கிளியை உனக்குத் தோழமையாக்குவேன் என்கிறாள். பிறிதோரிடத்தில் அதே கூண்டுக்கிளி அவளுக்குத் துன்பமாகிறது. ஓயாமல் அது கோவிந்தன் பெயரையே சொல்கிறது. பிரிவில் அப்பெயரைக் கேட்கப் பொறாமல் அவள் உணவு கொடுக்காது ஒறுக்கிறாள். பசித்த கிளி அடங்கவில்லை. உலகளந்தவன் என்னும் மற்றொரு பெயரை முன்னினும் உரக்கக் கூவுகிறது. தான் கற்பித்த சொல்லே தனக்கெதிராகத் திரும்பியதை அவள் மறைக்கவில்லை, கிளியைப் பட்டினியிட்டதையும் மறைக்கவில்லை. விரும்பித் தேர்ந்து, ஊட்டி வளர்த்து, கூண்டிலிட்ட பறவை தன் விருப்பப்படி பேசாது என்பதைத் தமிழில் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பாட்டு மற்றொன்று இருப்பதாகத் தெரியவில்லை. தேர்வு அங்கே தற்பெருமையாகாமல் தப்பியது இதனால்தான். கிளி அவளுக்குக் கண்ணாடியாக இருக்க மறுத்தது. மறுத்ததை அவள் பாட்டாக்கினாள்.

திருவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளிக்கு இன்று கூண்டில்லை. மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடல், மற்ற இலைகளும் பூக்களும் கொண்டு சிறகும் வாலும் என, அதற்குரியவர்கள் பல மணிநேரம் இருந்து அதனைக் கையால் கட்டுகின்றனர். ஓர் ஆண்டுக்கு ஒன்று அன்று, ஒரு நாளைக்கு ஒன்று. மறுநாள் அது அடியார் ஒருவர் கைக்குப் போய்விடும். அன்றைய கிளிக்கு வேண்டிய இலையைப் பறிக்க மீண்டும் ஒருவர் தோட்டத்துக்குச் செல்வார்.